கயிறு அசைந்த பிறகே இழுக்க வேண்டும்

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே அங்கு நடைபெற்ற கடைசிச் சலாபமாகும். குளிப்பவர் கல்லை மிதித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். மூச்சு முட்டும்போது கீழிருப்பவர் கயிற்றைச் சுண்டுவார். மேலிருப்பவர் உடனே தூக்கிவிடுவார். தோணிக்காரர் அவசரப்பட்டால் சிப்பி போகும். அசட்டையாக இருந்தால் உயிரே போகும். ஆகவே வேலையை எப்போது முடிப்பது என்பதைச் சொல்லும் உரிமை ஆழத்தில் இருப்பவருக்கே உண்டு.

கணிப்பொறித் திரையிலும் இதே கேள்வி ஒருநாள் எழுந்தது. நாம் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை மூடும் உரிமை யாருக்கு?

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அவ்வாண்டு டிசம்பரில் அதற்கு ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. 1996இல் வெளிவந்த நேவிகேட்டர் 2.0 உலாவியில் ‘கன்ஃபர்ம்’, ‘குளோஸ்’ என்னும் இரு கட்டளைகள் இருந்தன.

கன்ஃபர்ம் கட்டளை திரையில் ஒரு சிறு பெட்டியைக் காட்டும். அதில் ஒரு கேள்வியும், ‘சரி’, ‘வேண்டாம்’ என இரு பொத்தான்களும் இருக்கும். நாம் ‘சரி’யை அழுத்தினால் ‘உண்மை’ என்றும், மற்றதை அழுத்தினால் ‘பொய்’ என்றும் நிரலுக்கு விடை போகும். விடை கிடைக்கும் வரை நிரல் அடுத்த வரிக்கு நகராது. கயிற்றைப் பிடித்திருப்பவர் போலக் காத்து நிற்கும்.

குளோஸ் கட்டளையோ சாளரத்தை மூடிவிடும். இதில் ஓர் ஆபத்து உண்டு. மின்னஞ்சலுக்குள் இந்த ஒரு வரியை ஒளித்து அனுப்பினால், படிப்பவரின் சாளரம் சட்டென்று மறைந்துவிடும் அல்லவா? எனவே நெட்ஸ்கேப் ஒரு விதி வகுத்தது. நிரல், தான் திறந்த சாளரத்தை மட்டுமே தானாக மூடலாம். வேறொன்றை மூட முயன்றால் பயன்படுத்துபவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். இன்றைய உலாவிகள் பொதுவாகக் கேட்பதுகூட இல்லை. அத்தகைய கட்டளையைப் பொருட்படுத்துவதே இல்லை.

சரி, நாமே தவறுதலாக மூடிவிட்டால்? துறைமுகச் சரக்குக்கான நீண்ட படிவத்தை ஒருவர் நிரப்பிக்கொண்டிருக்கிறார். கை தவறிச் சாளரத்தை மூடினால் ஒருமணி நேர உழைப்பு வீண். இதைத் தடுக்கும் வசதி 1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவியில் வந்தது. பக்கத்தை விட்டு வெளியேறுமுன், ‘போகத்தான் வேண்டுமா?’ என்று கேட்கும் ஏற்பாடு அது.

நல்ல கருவி மோசடிக்காரர் கைக்கும் போகும். ‘உங்கள் கணிப்பொறி பழுதாகிவிட்டது, வெளியேறாதீர்கள்’ என்று அதே பெட்டியில் எழுதிப் பலரை மிரட்டினார்கள். அதனால் 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2016இல் குரோம் உலாவியும், பக்கத்தை எழுதியவரின் சொற்களை அப்பெட்டியிலிருந்து நீக்கின. இப்போது உலாவியே தன் பொதுவான சொற்களில் கேட்கிறது.

இனி அந்தப் பெட்டி தோன்றும்போது படிக்காமலேயே ‘சரி’யை அழுத்திவிடாதீர்கள். கயிறு இருப்பது உங்கள் கையில்.