எஞ்சின் போல்ட்டின் இறுக்கம்: கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்கு

எஞ்சினில் ஒரு போல்ட்டை முடுக்குவது என்றால் அதை அளவோடு நீட்டுவது என்று பொருள். நட்டு முகத்தில் போய் உட்கார்ந்த பிறகும் ஸ்பானரைத் திருப்பினால் போல்ட் மெல்ல நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுப்புதான் சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. 8.8 தரத்தைச் சேர்ந்த 10 மி.மீ. போல்ட்டை 50 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால் சுமார் இரண்டரை டன் பிடிப்பு கிடைக்கும். கால் மீட்டர் ஸ்பானரின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டாலே இந்தத் திருப்புவிசை வந்துவிடும். ஆனால் 100 மி.மீ. நீளமுள்ள போல்ட் அப்போது நீள்வது ஏறத்தாழ 0.2 மி.மீ. மட்டுமே. இழுப்பு குறைந்தால் கேஸ்கெட் ஒழுகும். எஞ்சினின் அதிர்வில் போல்ட் தளரும், நாளடைவில் அயர்ந்து முறியும். இழுப்பு மிகுந்தால் போல்ட் மீளாமல் நீண்டுவிடும், அலுமினியமாக இருந்தால் மரை பிய்ந்து வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த நீட்சியைச் சரியான இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நீட்சிக்கும் விசைக்கும் உள்ள உறவை ராபர்ட் ஹூக் 1678-லேயே வெளியிட்டுவிட்டார். அந்த விதி போல்ட்டுக்குப் பயன்பட வேண்டுமானால் முதலில் எல்லா மரைகளும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய மரை வெட்டும் கடைசல் எந்திரம் அதற்கு வழி திறந்தது. அவரது பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-இல் 55 பாகைக் கோணமுள்ள பொது மரையை முன்வைத்தார். 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையைப் பரிந்துரைத்தார். அதற்கு முன் பட்டறைக்கு ஒரு மரை இருந்தது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. அந்த நிலையில், இந்த போல்ட்டுக்கு இவ்வளவு இறுக்கம் என்று எழுதிவைக்க வழியே இருந்திருக்காது.

நீராவி எஞ்சின் காலத்தில் இறுக்கத்தைத் தீர்மானித்தது தொழிலாளியின் கைதான். போல்ட் பெரிதாக ஆக ஸ்பானரையும் நீளமாகச் செய்தார்கள். இறுக்கத்துக்கான கணக்கு ஓரளவு அந்த நீளத்திலேயே அடங்கியிருந்தது. அந்தக் கை எவ்வளவு இறுக்குகிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிப்லி கல்லூரியில் சோதித்தார்கள். தேர்ந்த தொழிலாளிகள் தங்களுக்குப் பிடித்த ஸ்பானரை எடுத்து, நீராவி ஒழுகாத மூட்டுக்கு முடுக்குவதுபோல் முடுக்கினார்கள். போல்ட்டில் ஏறிய இழுவிசை அதன் விட்டத்தின் விகிதத்தில் அமைந்திருந்தது. மி.மீ. கணக்கில் விட்டத்தை 2840-ஆல் பெருக்கினால் இழுவிசை நியூட்டனில் வரும் என்று இன்றும் இந்தியப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் சூத்திரம் இந்தச் சோதனை தந்த விகிதத்தையே ஒட்டியது.

அந்தச் சூத்திரத்திலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கை தரும் இழுப்பு விட்டத்தோடு மட்டும் கூடுகிறது. போல்ட்டின் வலுவோ விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே 10 மி.மீ. போல்ட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 20 மி.மீ. போல்ட்டைப்போல் இருமடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். சாதாரண எஃகானால் சின்ன போல்ட் கையிலேயே முறிந்துவிடும். நீராவி எஞ்சினின் தடித்த போல்ட்டுகளுக்குப் பொருந்திய கைப்பழக்கம், கார் எஞ்சினின் மெல்லிய போல்ட்டுகளுக்கு ஆபத்தாக மாறியது இதனால்தான்.

இறுக்கத்தை அளக்கும் கருவி கார் பட்டறையில் தொடங்கவில்லை. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் இருந்த கான்ராட் பார், குழாய் மூட்டுகளின் போல்ட்டுகளை அளவு மீறி முடுக்கிவிடாமல் இருக்க 1918-இல் டார்க் (திருப்புவிசை) ரென்ச் ஒன்றை உருவாக்கியதாகச் சொல்வார்கள். அவரும் ஜார்ஜ் ஃபெஃபர்லேயும் கேட்ட காப்புரிமை 1937-இல் கிடைத்தது. கார் எஞ்சின்களுக்கு இதைக் கொண்டுவந்ததில் கிரைஸ்லர் நிறுவனத்துக்குப் பங்குண்டு. கைப்பிடித் தண்டு வளைய, வளையாத முள் அளவுகோலில் எண்ணைக் காட்டும் எளிய வகையை 1930-களில் பால் ஸ்டர்டிவன்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குறித்த அளவை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் வகை பிற்பாடு பட்டறைகளில் பரவியது.

இரண்டாம் உலகப் போர் மரைச் சிக்கலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனின் மரையும் அமெரிக்காவின் மரையும் பொருந்தாமல் தளவாட உற்பத்தியும் பழுதுபார்ப்பும் தடுமாறின. 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 பாகைப் பொது மரையை ஏற்றன. பிறகு மெட்ரிக் மரை உலகெங்கும் பரவியது. கையேடுகளில் அடி-பவுண்டும் கிலோகிராம்-மீட்டரும் இருந்த இடத்துக்கு நியூட்டன் மீட்டர் வந்தது. ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.81 நியூட்டன் மீட்டர்.

எண் கிடைத்த பிறகும் ஒரு குறை நின்றது. முடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி போல்ட் தலையின் அடியில் உராய்வில் கழிகிறது. மரையில் இன்னொரு 40 சதவீதம் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே எண்ணுக்கு இழுப்பு கூடும். துரு ஏறியிருந்தால் இழுப்பு குறையும். உலர்ந்த மரைக்கா எண்ணெயிட்ட மரைக்கா என்று கையேடு பிரித்துச் சொல்வது இதற்காகவே. ஹெட்டை மாட்டும்போது மரையைத் துடைத்து, போல்ட் குழியில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றி, நடு போல்ட்டில் தொடங்கி மாறி மாறி ஓரம் நோக்கிப் போய், இரண்டு மூன்று சுற்றுகளில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் கேஸ்கெட் உப்பி நிற்கும். ஹெட் சமமாக அமராது. பழைய வகைக் கேஸ்கெட் சூட்டில் படிந்து தளரும் என்பதால், வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குவது அன்றைய வழக்கம்.

உராய்வின் தொல்லையைக் குறைக்கக் கோணக் கணக்கு வந்தது. ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் மரையில் 90 பாகை திருப்பினால், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நகர்வு 0.375 மி.மீ.தான். அந்த நகர்வு போல்ட்டின் நீட்சிக்கும் பிடிபட்ட பாகங்களின் அமுக்கத்துக்கும் பங்காகிறது. பாலங்களின் எஃகு மூட்டுகளில் முன்பே வேரூன்றிய இந்த முறை பின்னர் கார் எஞ்சின்களிலும் பரவியது. முதலில் சிறிய டார்க் அளவில் எல்லாவற்றையும் உட்கார வைத்து, பிறகு 90 பாகை, மீண்டும் 90 பாகை என்று திருப்புவார்கள். சில எஞ்சின்களில் போல்ட் தன் மீள்தன்மையின் எல்லையைச் சற்றே தாண்டும்வரை வேண்டுமென்றே நீட்டப்படுகிறது. அந்த எல்லைக்கு அப்பால் இழுப்பு அதிகம் மாறாது என்பதால் எல்லா போல்ட்டுகளும் ஏறத்தாழ ஒரே பிடிப்பைத் தருகின்றன. அப்படி நீண்ட போல்ட்டைக் கழற்றினால் திரும்ப மாட்டக்கூடாது. புதிது போட வேண்டும். தொழிற்சாலையில் மின்முடுக்கிகள் ஒவ்வொரு போல்ட்டின் டார்க்கையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கின்றன. பட்டறையில் அதே வேலையை டார்க் ரென்ச்சும் கோணமானியும் சுத்தமாகத் துடைத்த மரையும் செய்கின்றன.