ஜவ்வாது மலையில் ஒரு கேள்வி, கன்னியாவில் ஏழு கிணறுகள்

போன பொங்கல் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். எல்லோருமாக ஜமுனாமரத்தூர் போய் ஓர் இரவு தங்கினோம். தை மாதத்து மலைக்குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் மின்சாரம் போய்விட்டது, குளியலறை கீசர் வேலை செய்யவில்லை. விடுதிக்காரர் வாசலில் விறகடுப்பு மூட்டி, அண்டாவில் வெந்நீர் போட்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, கீசர்னா பூமியிலேர்ந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கிறதுன்னு புத்தகத்துல இருக்கு. இவ்வளவு பெரிய மலையில ஒண்ணுகூட இல்லையா?"

அந்தச் சொல்லை நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வகுப்பில்தான் முதலில் கேட்டேன். ஆசிரியர் அதை 'ஜெசேர்' என்பார். ஐஸ்லாந்துத் தீவில் கெய்சிர் என்று ஒரே ஓர் ஊற்றுக்கு இருந்த பெயர்தான் உலகத்துக்கே பொதுப்பெயராகி, கடைசியில் நம் வீட்டுக் குளியலறைக்கும் வந்து சேர்ந்தது. 1846-இல் புன்சன் என்ற ஜெர்மானியரும் தெக்ளுவாசோ என்ற பிரெஞ்சுக்காரரும் அங்கே போய், அந்த ஊற்றின் குழாய்க்குள் பல ஆழங்களில் சூட்டை அளந்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் 'புன்சன் அடுப்பு' பார்த்திருப்பீர்களே, அதே புன்சன்தான். மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் அழுத்துவதால் அடித்தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. கொஞ்சம் மேலே ஏறிப் பாரம் குறைந்ததும் சட்டென்று ஆவியாகிப் பீறிடுகிறது என்று விளக்கம் சொன்னார் புன்சன்.

அதற்கு அடியில் எரிமலைச் சூடு வேண்டும். நம் ஜவ்வாது மலையோ 200 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பாறை. அந்தச் சூடெல்லாம் எப்போதோ ஆறிப்போயிற்று.

ஆனால் எரிமலை இல்லாமலும் வெந்நீர் ஊற்று வரும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 டிகிரி சூடு கூடும். மழைநீர் ஆழமான பாறைப் பிளவில் இறங்கி, சூடாகி, வேறு பிளவு வழியாக விரைவாக மேலே வந்தால் அது வெந்நீர் ஊற்று. இந்தியாவில் மணிகரண், பக்ரேஷ்வர், லடாக்கின் பூகா என்று 300-க்கு மேல் உண்டு. நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று: இலங்கையில், திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா.

திருகோணமலை எனக்குப் பாடத்தில் பழகிய ஊர். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் 1782 ஆகஸ்ட் கடைசியில் அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கதையை மனப்பாடம் செய்திருக்கிறேன். அவர் பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதியும் உண்டு. அந்த ஊரில்தான் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, வாழ்க்கைப்பட்டிருந்தார்.

1975-இல் பெரியப்பா காலமானார். தந்தி வந்தது. பாஸ்போர்ட், விசா என்று அலைந்து, அம்மா, தம்பி, நான் மூவரும் ராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினோம். அங்கிருந்து அநுராதபுரம் வரை ரயில், பிறகு பஸ். போய்ச் சேர்ந்தது 29-ஆம் நாள். அந்தப் பக்கத்தில் 31-ஆம் நாள் சடங்கை அந்தியேட்டி என்பார்கள். அதற்குக் கன்னியாவுக்குப் போவது வழக்கம்.

ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். ஏழு சிறு கிணறுகள், சதுரமாகக் கட்டியவை, சில அடி ஆழம்தான். வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். சூடு கிணற்றுக்குக் கிணறு சற்று மாறும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக நிலத்தில் ஏழு இடங்களில் குத்த, ஏழு ஊற்றுகள் பிறந்தன என்பது ஐதிகம். அம்மா ஏழிலும் மொண்டு பெரியம்மாவின் தலையில் ஊற்றினார். "எனக்கும் இங்கதான் செய்ய வேணும்" என்றார் பெரியம்மா.

1983-க்குப் பிறகு அந்தக் குடும்பம் சிதறியது. பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், பெரியம்மா மட்டும் அங்கேயே இருந்தார். 1987-இல் அவர் இறந்த செய்தி நான்கு மாதம் கழித்துக் கனடாவிலிருந்து கடிதமாக வந்தது. "கன்னியாவுக்கு யாராவது போனாங்களா?" என்று அம்மா கேட்டார். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா எழுந்து போய் எங்கள் வீட்டுக் கிணற்றில் தலைமுழுகிவிட்டு வந்தார்.

பின்னாளில் கன்னியா யாருக்குச் சொந்தம் என்ற தகராறு 2019-இல் நீதிமன்றம் வரை போனதைச் செய்தியில் படித்தேன். நல்லவேளை, அம்மா அப்போது இல்லை.

பேத்திக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். இலங்கையின் நடுமலைப் பாறையும் நம் தமிழகத்துப் பாறையும் ஒரே குடும்பம். இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை. அங்கே கிழக்குப் பகுதியில் இரு வேறு பாறைக் கூட்டங்கள் சந்திக்கும் வரிசையில் ஆழப் பிளவுகள் இருக்கின்றன. கன்னியா முதல் தெற்கே மகாபெலஸ்ஸ வரை வெந்நீர் ஊற்றுகள் அந்த வரிசையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட வழி இந்த மலையில் அமையவில்லை.

"அப்போ அங்க போலாமா தாத்தா?" என்றாள். ராமேஸ்வரம் கப்பல் நின்று நாற்பது ஆண்டாகிறது. ஆனால் 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். என் பாஸ்போர்ட் காலாவதியாகி வெகுநாளாயிற்று. போன வாரம் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பெரியம்மாவுக்காக ஒரு வாளியாவது மொண்டு ஊற்ற வேண்டும்.

ராமேஸ்வரம் கப்பலில் போனவர்கள், கன்னியாவைப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்.