சேமநிதியின் கதை

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. போடும் பொருள் எங்கே செல்கிறது, எவ்வளவு செல்கிறது, மீண்டும் நம் கைக்கு எப்போது வரும் என்பதை அறியாது போடுதல் பேதைமை என்பதே அதன் கருத்து. மாதந்தோறும் நம் சம்பளத்தில் ஒரு பகுதி, நம் கைக்கு எட்டுமுன்னரே பிடித்தம் செய்யப்படுகிறது. சம்பளச் சீட்டில் ‘பி.எப்.’ என்னும் இரண்டெழுத்துகளுக்கு நேரே ஒரு தொகை நிற்கிறது. அதனை நம்முள் எத்தனை பேர் அளந்து பார்த்திருக்கிறோம்?

பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்த குடும்பங்கள் நாம். ஊரில் நிலம் இருந்தவர் சிலர், இல்லாதவரே பலர். ஆலைச் சங்கின் ஒலி கேட்டு எழுந்து, உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த நமக்கு, முதுமைக்கென்று ஒதுங்கிய செல்வம் பெரும்பாலும் இந்தச் சேமநிதி ஒன்றே. அதன் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மாறும்போதெல்லாம் காலனியில் ஒரு கலக்கம் பிறக்கிறது. ஆகவே, இவ்வாண்டு மலரில் அந்நிதியின் வரலாற்றைச் சற்றே விரித்துரைக்க எண்ணினோம்.

ரூபாய்க்கு ஓர் அணா

விடுதலைக்கு முன்பு அரசு ஊழியருக்கும் இரயில்வே ஊழியருக்கும் சேமநிதி உண்டு. 1925ஆம் ஆண்டுச் சட்டம், அவர்தம் நிதியைக் கடன்காரர் பறிமுதல் செய்யாவண்ணம் காத்தது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கோ அத்தகைய உரிமை ஏதும் இல்லை. முதலாளி மனமுவந்து கொடுத்தால் உண்டு; இல்லையேல் இல்லை. முப்பதாண்டு உழைத்தவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பிய கதைகள் பல.

1948இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென ஒரு சேமநிதிச் சட்டம் பிறந்தது. அதன் பின்னர், ஜகஜீவன்ராம் அவர்கள் தொழிலமைச்சராக விளங்கிய காலத்தில், 1951 நவம்பர் 15ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்று வெளியாயிற்று. 1952இல் அது தொழிலாளர் சேமநிதிச் சட்டமாக நிலைபெற்றது. முதற்கண் ஆறு தொழில்களுக்கே அது பொருந்தியது: சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பும் எஃகும், காகிதம், நெசவு. நெசவு அவ்வாறனுள் ஒன்றாதலின், பஞ்சாலைகள் நிறைந்த பெங்களூர் இச்சட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற்றது எனலாம்.

அந்நாளில் தொழிலாளி செலுத்திய பங்கு நூற்றுக்கு ஆறேகால். அஃதாவது ரூபாய்க்கு ஓர் அணா. முதலாளியும் அதே அளவு செலுத்துதல் வேண்டும். கணக்கறியாத தாய்மாரும் எளிதில் அறியும் அளவு அது. ரூபாயில் ஓரணாவை நாம் போட, மற்றோர் அணாவை முதலாளி போட, இரண்டும் சேர்ந்து வட்டியோடு வளரும். முதலாண்டில் அளிக்கப்பட்ட வட்டி நூற்றுக்கு 3. 1957இல் நயா பைசா வந்தது, அணா மறைந்தது. பங்கு மட்டும் மறையவில்லை, வளர்ந்தது.

ஓய்வூதியம் என்று வைக்காமல் சேமநிதி என்று ஏன் வைத்தனர்? ஓய்வூதியமாவது, ஒருவர் உயிரோடு இருக்கும் வரை மாதந்தோறும் அளிப்பது. அதற்குப் பெரும் மூலதனமும் நெடுங்காலக் கணிப்பும் வேண்டும். புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடு அப்பாரத்தை உடனே சுமக்க அஞ்சியது. சேமநிதியோ, போட்டதையும் வளர்ந்ததையும் ஒரே முறையில் திருப்பித் தந்துவிடும். எளிய வழியாதலின் அதனைத் தேர்ந்தனர். அந்த எளிமையிலேயே பின்னாளைய சிக்கலின் வித்தும் இருந்தது.

மாற்றங்கள் பல

முதலில் 50 பேருக்குக் குறையாத தொழிலகங்களே சட்டத்தின்கீழ் வந்தன. 1960இல் அது 20 பேராகக் குறைந்தது. தொடக்கத்தில் மாதம் 300 ரூபாய் வரை சம்பளம் பெற்றோருக்கே இது கட்டாயம். அவ்வரம்பு படிப்படியாய் ஏறி, 2014 செப்டம்பரில் 15,000 ரூபாய் ஆயிற்று. பங்குத் தொகையும் ஆறேகாலினின்று உயர்ந்து 1997இல் பெரும்பாலான தொழில்களுக்கு 12 விழுக்காட்டை எட்டியது. வட்டி 1989 முதல் பத்தாண்டுக் காலம் 12 விழுக்காடாக உச்சியில் நின்று, பின்னர் இறங்கியது, 2021–22இல் 8.1, 2023–24இல் 8.25.

1971இல் குடும்ப ஓய்வூதியம் சேர்ந்தது. 1976இல், பணியிலிருக்கும்போதே தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குத் தொகை அளிக்கும் காப்புறுதித் திட்டம் சேர்ந்தது. அதன் மேல்வரம்பு 2021இல் ஏழு இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்திட்டத்துக்காகத் தொழிலாளி ஒரு காசும் செலுத்துவதில்லை. ஆயினும், இப்படியொரு தொகை உண்டென்பதே தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ!

பெரிய மாற்றம் 1995 நவம்பர் 16ஆம் நாள் வந்தது. அன்று தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்காக, முதலாளி செலுத்தும் பங்கில் 8.33 திருப்பிவிடப்பட்டது. முதலாளியின் பங்கு 12 ஆன பின்னரும், நம் கணக்கில் அவர் பங்காக நின்றது 3.67 மட்டுமே. பத்தாண்டு பணி நிறைந்தவருக்கு 58ஆம் வயதில் மாத ஓய்வூதியம் உண்டு என்பது அதற்கு ஈடாகக் கிடைத்த நன்மை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒருவர் சம்பளம் 7,000 ரூபாய் என்க. அவர் செலுத்துவது 840 ரூபாய். முதலாளி செலுத்துவதும் 840. இந்த இரண்டாவது 840இல் ஏறக்குறைய 583 ரூபாய் ஓய்வூதியத்துக்குச் செல்கிறது. 257 ரூபாய் சேமநிதியில் சேர்கிறது. ஆக, மாதந்தோறும் சேமநிதிக் கணக்கில் ஏறுவது 1,097 ரூபாய். இக்கணக்கை நினைவில் இருத்துக; பின்னர் வேண்டியிருக்கும்.

கடல் கடந்த தமிழரும் சேமநிதியும்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. தமிழர் பிழைக்கச் சென்ற நாடுகள் பலவும் ஏறக்குறைய அதே காலத்தில் இவ்வழியையே பின்பற்றின. மலாயாவில் 1951இலும், சிங்கப்பூரில் 1955இலும், இலங்கையில் 1958இலும் சேமநிதிகள் அமைந்தன.

சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்று நம் கதைக்கு மிகவும் நெருங்கியது. 1984இல் அமைச்சர் ஹௌ யூன் சோங் தலைமையில் அமைந்த குழு, நிதியைத் திரும்பப் பெறும் வயதை 55இலிருந்து 60 ஆக உயர்த்தலாம் என்றது. மக்கள் கொதித்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டது, எனினும் அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு வெகுவாகக் குறைந்தது. பின்னர் 1987இல் வேறு வழி கண்டனர். 55ஆம் வயதில் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குறித்த ஒரு தொகையை மட்டும் முதுமைக்கென நிறுத்தி வைத்தல் வேண்டும். வயதை ஒரேயடியாக ஏற்றுவதை ஏற்காத மக்கள், ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டோடு வாழப் பழகினர்.

பெங்களூரில் இரண்டு நாள்

இனி நம் நகரத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதுகாறும் வேலையை இழந்து இரண்டு மாதம் கழிந்தால், சேமநிதி முழுவதையும் பெற்றுக்கொள்ளலாம். புதிய விதியின்படி, தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே தொழிலாளி பெறலாம். முதலாளியின் பங்கை 58 வயது நிறைந்த பின்னரே பெற முடியும்.

அதே மாதம் 29ஆம் நாள் வரவு செலவுத் திட்டத்தில், எடுக்கும் சேமநிதியில் 60 விழுக்காட்டுக்கு வரி என்றொரு முன்மொழிவும் வந்தது. எதிர்ப்பு எழவே, மார்ச்சு 8ஆம் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், ‘நம் பணத்துக்கு ஏதோ நேரப் போகிறது’ என்னும் ஐயம் உழைப்போர் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஏப்ரல் 18ஆம் நாள் காலை. ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளிப் பகுதியில் ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தனர். மறுநாள் பீனியா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி என நகரின் பல முனைகளிலும் ஆயிரமாயிரம் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். பெருஞ்சாலைகள் நின்றுபோயின. பெயர் பெற்ற தலைவர் எவரும் அவர்களை அழைத்து வரவில்லை. தொழிற்சங்கக் கொடிகளும் முன்னே செல்லவில்லை. தாமே வந்தனர். கல்வீச்சு நிகழ்ந்தது, பேருந்துகள் எரிந்தன, காவலர் தடியடி நடத்தினர், கண்ணீர்ப்புகை வீசினர். வன்முறையை நாம் போற்றவில்லை. ஆயினும், தலைகுனிந்து தையல் பொறி முன் அமரும் பெண்களை வீதிக்கு இழுத்தது யாது என்று எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

அரசு முதலில் அறிவிக்கையை ஜூலை 31 வரை நிறுத்தி வைத்தது. கொந்தளிப்பு அடங்கவில்லை. 19ஆம் நாள் தொழிலமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அதனை முற்றிலும் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்.

இப்போது முன்னர்ச் சொன்ன கணக்கைப் பார்ப்போம். 7,000 ரூபாய்ச் சம்பளக்காரியின் கணக்கில் மாதம் ஏறும் 1,097இல், புதிய விதி பூட்டியது 257 ரூபாயை, ஏறக்குறையக் காற்பங்கு. ஆனால், தம் பணம் முழுவதுமே 58 வயது வரை கிட்டாது என்று அஞ்சினோர் பலர். அரசு சொன்னது ஒன்று. ஆலை வாயிலில் கேட்டது வேறொன்று. இடையில் நின்று அவர்கள் மொழியில் எடுத்துரைப்பார் இல்லை.

காற்பங்குதானே என்று அதனை எளிதாகத் தள்ளுவதும் முறையன்று. ஆடை ஆலைப் பெண்களுள் பலர் ஓர் ஆலையில் ஐந்தாண்டு நிலைப்பதில்லை. ஐந்தாண்டு நிறையாவிடில் பொதுவாகப் பணிக்கொடையும் இல்லை. வேலை போனால் வாழவைக்க வேறு ஏற்பாடும் அவர்களுக்கு இல்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், தங்கையின் திருமணமும், வட்டிக்காரரின் கடனும் தீர்வது அந்நிதியாலேதான். சட்டம் இயற்றியோர் அதனை முதுமைக்கு வைத்தனர். தொழிலாளி அதனை இடர்க்காலத்துக்கு வைத்தாள். இரண்டும் நியாயமே. ஒரே பானை நீரைக் கோடைக்கும் வைக்க வேண்டும், இன்றைய தாகத்துக்கும் பருக வேண்டும் என்றால் பூசல் எழாதிருக்குமா? சேமநிதி விதிகள் மாறும்போதெல்லாம் எழும் சச்சரவின் வேர் இதுவே என்பது நம் துணிபு.

மீண்டும் அதே வினா

அவ்வினா இன்னும் தீரவில்லை. 2025 அக்டோபர் 13ஆம் நாள் சேமநிதியின் மத்திய அறங்காவலர் குழு சில முடிவுகளை மேற்கொண்டது. இடையில் பணம் பெறுதற்கிருந்த 13 விதிகளைச் சுருக்கி மூன்று வகையாக்கியது. வேலை இழந்தோர் முக்காற்பங்கை உடனே பெறலாம். காற்பங்கு கணக்கில் நிற்றல் வேண்டும். எஞ்சியதை எடுத்துக் கணக்கை முடிக்க இரண்டு மாதமாக இருந்த காத்திருப்பு 12 மாதமாகவும், ஓய்வூதியப் பகுதியை முன்கூட்டியே பெறுதற்கான காத்திருப்பு 36 மாதமாகவும் நீட்டப்பட்டன. 2016இல் பூட்ட முயன்றதும் ஏறக்குறையக் காற்பங்கு. 2025இல் நிறுத்த எண்ணியதும் காற்பங்கு!

இம்முடிவுக்கும் ஒரு காரணம் உண்டு. அடிக்கடி எடுத்துவிடுவதால், ஓய்வு பெறும் நாளில் பலர் கணக்கில் மிகச் சிறு தொகையே எஞ்சுகிறது. அன்றியும், பத்தாண்டு நிறைவதற்குள் ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிடுவோர், மாத ஓய்வூதியத்துக்கான தகுதியை நோக்கி முதலிலிருந்து நடக்க வேண்டியவர் ஆகின்றனர். ஆனால் வேலையிழந்து அடுப்பெரியாத வீட்டில் இக்காரணம் எடுபடுமா என்பதும் எண்ணத்தக்கது.

நம் கடன்

விதி நல்லதா தீயதா என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அறியாமல் அஞ்சுதலும், அறியாமல் இழத்தலும் நம் குடும்பங்களுக்கு நேரலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

ஆகவே சில செய்க. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே நிலையான கணக்கு எண் உண்டு. ஆலை மாறினாலும் அந்த எண்ணையே கொடுங்கள், பழைய தொகையைப் புதிய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரும் பிறந்த நாளும் ஆதாரில் உள்ளவாறே கணக்கிலும் உள்ளனவா என்று பாருங்கள். ஓரெழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் அலைந்தோர் நம்மிடையே உண்டு. திருமணமான பின் நாமினி பெயரைப் புதுப்பியுங்கள். சம்பளத்தில் பிடித்த தொகை கணக்கில் ஏறியதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் சரிபாருங்கள். ஓய்வூதியப் பகுதியை எடுக்குமுன், எத்தனை ஆண்டுப் பணியைக் கைவிடுகிறோம் என்று எண்ணுங்கள்.

எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. முதலிய ஆலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே உள்ளனர். படிவங்களையும் அலுவலக வழக்கங்களையும் அறிந்தவர்கள் அவர்கள். நம் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை அவர்கள் இதற்கென ஒதுக்கினால், ஆடை ஆலைக்குச் செல்லும் நம் தங்கையர் தம் கணக்கை எடுத்து வந்து கேட்டுத் தெளியலாம். ஆங்கில அறிவிக்கையைத் தமிழிலும் கன்னடத்திலும் படித்துச் சொன்னால், அண்டை வீட்டுக் கன்னடச் சகோதரிகளும் பயன் பெறுவர். 2016ஆம் ஆண்டின் அந்த இரண்டு நாளிலும் அவர்களும் நம்மவரும் ஒரே சாலையில்தான் அமர்ந்திருந்தனர்.

ஓர் அணாவில் தொடங்கிய நிதி இது. அதனை அளந்து போடவும், அளந்து எடுக்கவும் நம் குடும்பங்கள் பழகுமாக!