ஐந்தாம் சக்கரத்தின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்தம் படையெடுப்புகளும் மாளிகைகளும் மணிமுடிகளுமே நம் மாணவர்தம் நினைவில் எழுகின்றன. அன்றாடம் நம் கண்முன் கிடக்கும் எளிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துரைப்பது குறைவு. உந்துவண்டியின் பின்புறத்தில் தொங்கும் மேலதிகச் சக்கரம் அத்தகைய எளிய பொருள்களுள் ஒன்றாகும். நான்கு சக்கரங்கள் உருண்டோட, ஐந்தாவது வாளாவிருக்கிறது. அதனை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எனினும், அது எங்கிருந்து வந்தது, ஏன் பின்புறத்திற்குச் சென்றது, அதனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைச் செய்தவர் யாவர் என்று வினவத் தொடங்கின், அவ்வினா நம்மை நம் முன்னோர்தம் வாயிலுக்கே கொண்டுவந்து சேர்க்கும். அதனை ஈண்டு ஒருவாறு காண்போம்.

காற்றடைத்த சக்கரம்

வண்டிச் சக்கரத்திற்குக் காற்றடைத்த மெத்தை அமைக்கலாம் என்னும் எண்ணம் முதன்முதல் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளருக்குத் தோன்றியது. 1845-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும், காலம் அதற்குக் கனியவில்லை. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்காக அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டார். அதன் பின்னரே காற்றடைத்த டயர் உலகெங்கும் பரவலாயிற்று. 1895-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று மீண்ட பந்தயத்தில் மிஷலின் உடன்பிறந்தார் இருவரும் காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். வழியெல்லாம் டயர் காற்றிழந்தது; இறங்கி இறங்கி ஒட்டுப்போட்டுச் சென்றனர்.

அக்கால வண்டியின் சக்கரத்தை இன்றுபோல் எளிதிற் கழற்ற இயலாது. டயர் பழுதுற்றால் ஓட்டுநர் மழையிலும் சேற்றிலும் மண்டியிட்டு, நெம்புகோல்களால் டயரைப் பெயர்த்து, உட்குழாயை வெளியிலெடுத்து ஒட்டுப்போட்டு, மீண்டும் மாட்டிக் கையால் காற்றடிக்க வேண்டியிருந்தது. கூர்மையான கல்லும், குதிரை இலாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணியும் நிறைந்த சாலைகள் அவை. ஆகவே, இத்தொல்லை ஒரு பயணத்தில் பலமுறையும் நேர்ந்தது.

ஒரு தெருவின் பெயர்

இத்தொல்லைக்குத் தீர்வு கண்டவர்கள் பெரும் ஆலைக்காரர் அல்லர். வேல்ஸ் நாட்டு லானெல்லி என்னும் ஊரில் இரும்புச் சாமான் வணிகம் செய்த டேவிஸ் உடன்பிறந்தாரே 1904-ஆம் ஆண்டில் இதற்கு வழி கண்டனர். ஆரக்கால்கள் இல்லாத ஒரு வட்ட விளிம்பில் காற்றடைத்த டயரைப் பூட்டி வைத்தனர். சாலையில் டயர் பழுதுற்றால், அச்சக்கரத்தைக் கழற்றாமல், அதன் அருகிலேயே இவ்விளிம்பைக் கவ்விகளால் இறுக்கி, வண்டியை ஓட்டிச் சென்றுவிடலாம். அவர்தம் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அத்தெருவோ அவ்வூர் நிலக்கிழார் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. அப்பெயரே அப்பொருளுக்கும் ஆயிற்று.

பின்னர்ச் சக்கரத்தையே முழுமையாகக் கழற்றி மாட்டும் முறை வந்தது. ஸ்டெப்னிச் சக்கரத்திற்குத் தேவை இல்லாமற் போயிற்று. ஆனால், பொருள் மறைந்தும் சொல் மறையவில்லை. இன்றும் தமிழகத்து ஓட்டுநர் மேலதிகச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்றே அழைக்கின்றனர். மால்டாத் தீவிலும் அச்சொல் வழங்குகிறது. பிரேசில் நாட்டார் வழங்கும் ‘எஸ்தெப்பே’ என்னும் சொல்லும் இதன் வழிவந்ததே என்பர். பிரேசில், ரப்பர் மரத்தின் தாயகம். தமிழகம், அம்மரத்தில் பால் எடுத்தவர்களின் தாயகம். இவ்விரு நாடுகளிலும் ஒரு வேல்ஸ் தெருவின் பெயர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது மொழியாசிரியர் சிந்திக்கத்தக்கது.

பால் வந்த வழி

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை அழிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் தான் சே யான் ரப்பரை வாணிகப் பயிராகப் பயிரிட்டார். மோட்டார் வண்டி பெருகப் பெருக ரப்பரின் விலையும் ஏறியது. காடு அழிந்து தோட்டமாயிற்று. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டி, மரத்துக்கு மரம் நடந்து, பால் சேர்த்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர். லயத்து வீட்டில் வாழ்ந்த அவர்களுள் மோட்டார் வண்டி வைத்திருந்தவர் எவர்? எனினும், உலகின் எந்தச் சாலையில் எந்த வண்டி ஓடினும், அதன் சக்கரத்தில் அவர்தம் உழைப்பு உருண்டது என்பது மறுக்கவொண்ணா உண்மையாகும்.

போரும் ஐந்தாம் சக்கரமும்

1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கப் படைத்துறை, மேடு பள்ளம் பாராது நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லும் சிறுவண்டி ஒன்றினை 49 நாளில் செய்து தருமாறு ஆலைகளைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு ஆலை, கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரைக் கொண்டு அவ்வண்டியை வரைந்து, 1940 செப்டம்பர் 23-ஆம் நாள் ஒப்படைத்தது. அதன் வழிவந்து, வில்லிஸ், ஃபோர்டு ஆலைகளில் 6 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டதே ஜீப் வண்டி. அவ்வண்டியின் ஐந்தாம் சக்கரம் பின்புறத் தகட்டில் பூட்டப்பட்டது. படைவீரர் பக்கவாட்டில் தாவி ஏறி இறங்கினர். ஆதலின் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். உள்ளிடமோ மிகச் சிறியது. ஆகவே, எஞ்சிய இடம் பின்புறமே. அவ்வண்டிக்குப் பின்கதவு இல்லாமையால் அது எவருக்கும் இடையூறாகவும் இல்லை.

இதே காலத்தில் மலாயாவில் நேர்ந்தவற்றை நாம் மறத்தலாகாது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா தான் வாங்கிவந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. 1942 ஜனவரியிலேயே அங்கு டயர் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. ஒரு வண்டிக்கு ஐந்து டயர்களே வைத்திருக்கலாம். மிகுந்தவற்றை அரசுக்கு விற்றுவிட வேண்டும் என்னும் நிலையும் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. நான்கு ஓட, ஒன்று காக்க என்னும் கணக்கை அரசே ஏற்றுக்கொண்டது.

அங்கே டயரை எண்ணிக் காத்தனர். இங்கே மனிதரை எண்ணாது வாரிச் சென்றனர். வேலையிழந்த தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தபோது, காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானோர் பலராவர். இவ்விரு செய்திகளும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். பாடநூலில் ஒரு பக்கம் மட்டும் படிக்கும் மாணவனுக்கு மறுபக்கத்தைக் காட்டுவது ஆசிரியர் கடமையன்றோ?

பின்கதவு எழுப்பிய வினா

போர் முடிந்ததும் 1945-ஆம் ஆண்டில் வில்லிஸ் ஆலை, உழவர்க்கென ஒரு ஜீப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. மூட்டையேற்ற வேண்டி அதற்குப் பின்கதவு வைத்தனர். உடனே ஐந்தாம் சக்கரம் இடம்பெயர்ந்து வலப்பக்கத்திற்குச் சென்றது. 1948-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் வண்டியில் அது பின்பெட்டியின் உள்ளேயோ முகப்பு மூடியின் மேலேயோ இடம்பெற்றது. உள்ளே வைத்தால் சுமைக்கு இடம் குறையும். மூடிமேல் வைத்தால் மூடியைத் தூக்குவது கடினம். வண்டிக்கு அடியில் தொங்கவிட்டால் மேடேறி இறங்கும்போது தரையில் உராயும். பின்கதவில் மாட்டினாலோ கதவு அப்பாரத்தைத் தாங்காது. இந்நான்கு இடர்களையும் கடக்கும் ஐந்தாவது வழி, அடிச்சட்டத்தில் ஊன்றிய கம்பத்தில் சுழன்று திறக்கும் இரும்புக் கை ஆகும். பிற்காலத்தில் ஆலைகளும் இம்முறையைக் கையாண்டன. ஆலை தராதபோது பட்டறைக்காரர் தாமே அதைச் செய்துகொண்டனர்.

அத்தகைய ஒன்றைச் செய்யக் கண்டவன் யான். எங்கள் தோட்டத்து வண்டியில் ஐந்தாம் சக்கரம் பின்பெட்டியின் உள்ளே கிடந்தது. பால் வாளிகளை ஏற்றும்போது அது எவர்க்கும் உறுத்தவில்லை. ஒருநாள் பேறுகால வலியுற்ற பெண்ணொருத்தியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றபோது, சக்கரம் இடத்தை அடைத்துக்கொண்டமையால் அவரைக் கால் நீட்டிப் படுக்கவைக்க இயலவில்லை. சக்கரத்தை இறக்கிவைத்துவிட்டுச் செல்லவும் ஓட்டுநர் அஞ்சினார். செம்மண் சாலையில் டயர் பழுதுற்றால் என் செய்வது? தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும், பட்டறைப் பெரியவருக்கு மறுநாள் தொடங்கி உறக்கமில்லை. “தம்பி, சக்கரம் வெளியில போகணும், கதவும் தொறக்கணும்” என்று அவர் சுண்ணக்கட்டியால் தரையிற் கோடிட்டது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அவர் முதலிற் செய்தது பின்தகட்டில் நேரே பூட்டிய சட்டம். சில வாரங்களில் தகடு மரையாணிகளைச் சுற்றி விரிசலிட்டது. இரண்டாம் முறை அவர் பாரத்தை அடிச்சட்டத்தின் குறுக்கு இரும்பிலேயே ஊன்றினார். கழித்துப் போட்ட ஒரு காரின் முன்சக்கர அச்சுமுனையைப் பேரிங்குகளோடு எடுத்து நிமிர்த்திப் பற்றவைத்து, அதனையே கீலாக்கினார். அதன் மேல் சதுரக் குழாயாலான கை. கையின் நடுவில் சக்கரத்தைப் பூட்டும் ஆணிகள். கையின் மறுமுனையில், மூடியபின் பாரத்தைத் தாங்க ஒரு மேடையும், ஆடாதிருக்க ஒரு தாழும் அமைந்தன. விளக்கையும் எண் பலகையையும் மறைக்காதவாறு சக்கரத்தை உயர்த்தி வைத்தார்.

அவர் ஏட்டிற் படிக்காத கணக்கை நாம் வகுப்பிற் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் எடை 30 கிலோ. கீலிலிருந்து அதன் நடுப்புள்ளி 60 சென்டிமீட்டர் தொலைவு எனக் கொள்வோம். கை திறந்திருக்கும்போது திருப்புவிசை 30 × 0.6 = 18 கிலோ-மீட்டர். கீலின் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருப்பின், மேற்பிடியை 60 கிலோ விசை வெளியே இழுக்கும். கீழ்ப்பிடியை அதே 60 கிலோ உள்ளே தள்ளும். இடைவெளியை 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் அவ்விசை 120 கிலோவாகிவிடும். குழியில் வண்டி அதிரும்போது இவை இன்னும் பன்மடங்காகும். தகடு ஏன் கிழிந்தது என்பதும், மூடியபின் மறுமுனைக்கு மேடை ஏன் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

முடிவாக

டேவிஸ் உடன்பிறந்தாரின் கண்டுபிடிப்புக்குப் பெயரும் காப்புரிமையும் கிடைத்தன. தோட்டத்துப் பட்டறைகளில் எண்ணிறந்த கைகள் செய்த இவ்வேலைகளுக்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. அப்பெரியவரின் மனைவியார் அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; அவர் எடுத்த பால் எந்த நாட்டு டயரானது என்று அவருக்கும் தெரியாது.

இன்று தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. ரப்பர் விளைச்சலில் மலேசியா வகித்த முதலிடம் 1990-களில் தாய்லாந்துக்குச் சென்றது. புதிய கார்கள் பலவற்றில் ஐந்தாம் சக்கரமே இல்லை. ஒட்டுப்பசைப் புட்டியும் காற்றடிக்கும் சிறு கருவியும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. பொருள் மறையுமுன் அதன் கதையை எழுதிவைத்தல் நம் கடன். ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர்களை அவர்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்புவோம். அவர்கள் எந்தக் கருவியைக் கையாண்டனர், எதனைத் தாமே செய்தனர், எது உடைந்தபோது எவ்வாறு சீர்செய்தனர் என்று கேட்டு எழுதிவரச் செய்வோம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். எங்கள் பட்டறைப் பெரியவரிடம் யான் கேட்கத் தவறிய வினாக்கள் பல. அவற்றிற்கு விடை சொல்ல இன்று அவர் இல்லை.