ஆகாயப் படையில் கற்பித்தவர் வெளியே கற்பிக்க என்ன வேண்டும்?

ஆகாயப் படையில் பத்து ஆண்டுகள் இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார். மறுநாளே ஊரில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், சிறிய செஸ்னா விமானத்தில் ஒரு மாணவரை ஏற்றிக்கொண்டு பாடம் நடத்தலாமா? கூடாது. படை கொடுத்த தகுதி படைக்குள்தான் செல்லும். வெளியில் கற்பிக்க, அந்த நாட்டின் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும்.

இத்தனைக்கும் பறக்கக் கற்றுக்கொடுக்கும் முறையே படையிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போரின்போது, 1917-இல், பிரிட்டனின் கோஸ்போர்ட் நகரில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி ஒரு பள்ளியை நடத்தினார். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லாமல், அவற்றிலிருந்து மீள்வது எப்படி என்று விமானத்திலேயே செய்து காட்டிக் கற்பித்தார். முன்னால் பின்னால் அமர்ந்த இருவரும் பேச ஒரு குழாய் இருந்தது. இன்றும் பயிற்றுநர்கள் செய்வது ஏறக்குறைய அதைத்தான்.

படைத் தகுதியைப் பொதுச் சான்றிதழாக மாற்றும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். விவரமாக எழுதி வைக்கப்பட்ட விதிகளில் ஒன்று அமெரிக்காவினுடையது. அங்கே கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் 61.73 என்ற விதி இதைக் கவனிக்கிறது.

முதல் படி, வணிக விமானி உரிமம். அமெரிக்கப் படை விமானி இதற்காகத் தனி எழுத்துத் தேர்வு ஒன்றை எழுதித் தேறி, தன் படை ஆவணங்களைக் காட்ட வேண்டும். தேர்வாளரோடு பறந்து காட்டத் தேவையில்லை. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியையும் இதே வழியில் பெறலாம்.

அடுத்தது பயிற்றுநர் சான்றிதழ். 2009 அக்டோபருக்கு முன் இதற்குச் சலுகை இல்லை. ஆயிரம் மணி நேரம் போர் விமானத்தில் கற்பித்தவரும் எல்லாரையும் போல் வரிசையில் நின்று முழுத் தேர்வும் கொடுக்க வேண்டும். அந்தத் தேர்வு லேசானதல்ல. வாய்மொழிக் கேள்விகளே பல மணி நேரம் நீளும். அந்த மாதம் நடப்புக்கு வந்த திருத்தம், படைப் பயிற்றுநர்களுக்கும் முன்னாள் பயிற்றுநர்களுக்கும் பறத்தல் தேர்வை நீக்கியது. எழுத்துத் தேர்வு மட்டும் உண்டு. கற்பிக்கும் முறை, மாணவர் மனம் பற்றிய கேள்விகளும் அதில் வரும். தேறிய முடிவு 24 மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். அது வானத்தில் இல்லை, கோப்பில் இருக்கிறது. விதி மூன்று விஷயங்களுக்கு அதிகாரபூர்வப் படை ஆவணம் கேட்கிறது. இவர் பயிற்றுநராகவோ தேர்வாளராகவோ நியமிக்கப்பட்டவர் என்பது ஒன்று. படையின் பயிற்றுநர் பயிற்சியை முடித்தவர் என்பது இரண்டு. பயிற்றுநருக்கான திறன் சோதனையில் விமானத்தில் தேறியவர் என்பது மூன்று. எதற்காவது தாள் இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். "என்னிடம் படித்தவர்கள் இன்று பெரிய அதிகாரிகள்" என்ற பேச்சு எடுபடாது. சீருடையில் இருக்கும்போது கேட்டால் அலுவலகத்தில் சில நாளில் நகல் கிடைத்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு, பழைய பிரிவு கலைக்கப்பட்டு, கையெழுத்துப் போட்டவரும் மாறிப் போனபின் தேடுவது வேறு கதை.

எந்த வகையில் கற்பித்தாரோ அந்த வகைக்கே சான்றிதழ் என்பதும் முக்கியம். ஹெலிகாப்டர் பயிற்றுநர் இதை வைத்து இறக்கை விமானத்தில் கற்பிக்க முடியாது.

இரட்டை இயந்திர விமானத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. டி-38 பயிற்சி ஜெட்டில் இரண்டு இயந்திரங்களும் உடலோடு ஒட்டி அருகருகே இருக்கும். ஒன்று நின்றாலும் விமானம் பக்கவாட்டில் பெரிதாக இழுக்காது. சாதாரண இரட்டை இயந்திர விமானத்தில் இயந்திரங்கள் இறக்கையில் இருப்பதால் அந்த இழுப்புதான் ஆளைக் கொல்லும். ஆகவே டி-38 அனுபவம் மட்டும் உள்ளவரின் உரிமத்தில் அந்தக் கட்டுப்பாடு எழுதப்படும். வேறு விமானத்தில் பறந்து காட்டினால்தான் நீங்கும். ஒரு காலத்தில் அரச மலேசிய ஆகாயப் படையில் இருந்த எஃப்-5இ, இந்த டி-38-இன் உடன்பிறப்பு.

சான்றிதழ் கைக்கு வந்தாலும் வரம்புகள் உண்டு. இரட்டை இயந்திர விமானம் அல்லது ஹெலிகாப்டரில் ஒருவரை உரிமத்துக்குத் தயார்செய்ய, அதே மாடலில் பயிற்றுநர் தலைமை விமானியாகக் குறைந்தது 5 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறத்தல் பயிற்சி தரக்கூடாது. 2024 டிசம்பர் முதல் சான்றிதழில் காலாவதித் தேதி இல்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும்.

விதியில் எழுதாத மாற்றமும் ஒன்று இருக்கிறது. படையில் மாணவர் வடிகட்டி எடுக்கப்பட்டவர். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வெளியில் மாணவர்தான் மணிக்கணக்கில் பணம் கட்டுகிறார். அவர் அறுபது வயது மளிகைக் கடைக்காரராகவும் இருக்கலாம். அதட்டினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

நம் பிள்ளைகளுக்கு இந்த வழி திறக்குமா? பெரும்பாலும் இல்லை. அமெரிக்கப் படையில் பயிற்றுநராக இருந்ததற்கான ஆவணத்தைத்தான் விதி கேட்கிறது. சிங்கப்பூர் ஆகாயப் படை விமானிகள் அரிசோனாவின் லூக் தளத்தில் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அங்கே மாணவராகப் பறந்தது கணக்கில் வராது. மலேசிய, சிங்கப்பூர்ப் பொது உரிமம் வைத்திருப்பவர் அதைக் காட்டி எஃப்ஏஏ-விடம் பெறக்கூடியது தனியார் விமானி உரிமம் மட்டுமே. அதற்கு மேல் பயிற்றுநராக வேண்டுமானால் வணிக உரிமம், எழுத்துத் தேர்வுகள், சுழன்று விழும் விமானத்தை மீட்கும் பயிற்சி, தேர்வாளரோடு பறத்தல் எல்லாம் உண்டு.

இங்கேயே கற்பிக்க நினைப்பவர் அணுக வேண்டிய இடம் மலேசியாவில் கேம் எனப்படும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம். 2018 பிப்ரவரியில் பழைய இலாகாவின் இடத்துக்கு வந்தது அது. சிங்கப்பூரில் காஸ். எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது பறந்த மணி நேரக் கணக்கையும் பயிற்சிச் சான்றுகளையும்தான். லாக் புக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும், பயிற்றுநர் நியமனக் கடிதத்துக்கும், கடைசித் திறன் சோதனை முடிவுக்கும் உறுதி செய்யப்பட்ட நகலை, விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கி, வீட்டில் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.