மலையேறும் குடும்பங்களும் மலையிறங்கிய குடும்பங்களும்

என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்கு மலையேறப் போவார்கள். போட்டோக்கள் எங்கள் எல்லோருக்கும் வந்து சேரும். இலை சிவந்த மலை, அருவி, தூரத்தில் ஒரு மான்... இப்படித்தான் இருக்கும்.

ஒரு குளிர்காலப் போட்டோ மட்டும் வித்தியாசமாக இருந்தது. அண்ணன் பையன் உட்கார்ந்திருந்தது பாறையில் இல்லை, கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டிய சுவரில். நடுக்காட்டில் சுவர் எப்படி வந்தது? அந்தச் சந்தேகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஷெனாண்டோவா, ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மேல் நீளவாக்கில் கிடக்கும் பூங்கா. தலைநகர் வாஷிங்டனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். மலை உச்சியை ஒட்டியே ஸ்கைலைன் டிரைவ் என்ற 105 மைல் சாலை ஓடுகிறது. நடைபாதைகள் மட்டும் 500 மைலுக்கு மேல். காலையில் கிளம்பி, குழந்தைகளை நடக்க வைத்து, இரவு வீடு திரும்பிவிடலாம். அதனால்தான் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது அவ்வளவு பிரியமான இடம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1872இல் உருவான யெல்லோஸ்டோன்தான் அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. மேற்கில் உருவான அந்த மாதிரிப் பூங்காக்களுக்குப் பெரும்பாலும் அரசின் கையிலேயே நிலம் இருந்தது. (அந்த நிலத்தில் அதற்கு முன்பு வாழ்ந்த பூர்வகுடிகளின் கதை தனிக் கதை.) கிழக்கில் நிலைமை வேறு. அங்கே நிலமெல்லாம் தனியார் பட்டாவில் இருந்தது. ஆனால் மக்கள் நெருக்கம் அதிகமான கிழக்கிலும் பூங்கா வேண்டும் என்ற ஆசை வலுத்தது. மலைமேல் ஸ்கைலேண்ட் என்ற உல்லாச விடுதியை நடத்திவந்த ஜார்ஜ் பொல்லாக் போன்றவர்கள் இதற்காக மும்முரமாக உழைத்தார்கள். பூங்கா வந்தால் வியாபாரமும் வருமே!

1926இல் அமெரிக்க காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: நிலம் வாங்க மத்திய அரசு பணம் தராது, வர்ஜீனியா மாநிலமே வாங்கித் தானமாகக் கொடுக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேரம் பேசினால் தலைமுறை கடந்துவிடும். அதனால் 1928இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விற்க மனமில்லாதவர் நிலத்தையும் மொத்தமாகக் கையகப்படுத்தலாம், மதிப்பீடு செய்து பணம் கொடுத்தால் போதும் என்றது அந்தச் சட்டம்.

ராபர்ட் வியா என்ற நில உரிமையாளர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. 1935இல் அவர் தோற்றார். அதே வருடம் டிசம்பர் 26ஆம் தேதி பூங்கா அதிகாரப்பூர்வமாகப் பிறந்தது. 1936 ஜூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்தார்.

அந்த மலையிலிருந்து இறங்கியவை சுமார் 500 குடும்பங்கள்.

காமர்ஸ் படிப்பவன் என்பதால் என் கண் கணக்கில்தான் போய் நின்றது. நஷ்டஈடு யாருக்கு? பத்திரம் வைத்திருந்தவருக்கு. ஆனால் அந்த மலையில் குத்தகைக்கு இருந்தவர்கள், உரிமையாளரின் சம்மதத்தோடு சும்மா குடியிருந்தவர்கள் என்று பலர் இருந்தார்கள். அவர்கள் பெயரில் பத்திரம் கிடையாது, அதனால் நிலத்துக்கான பணமும் கிடையாது. அதோடு அது பொருளாதார மந்த காலம். மலைவாசிகளுக்குக் காசு கொடுத்துவந்த செஸ்நட் மரங்களும் பூஞ்சை நோயில் ஏற்கெனவே செத்துவிட்டன. கையில் இருப்பதை வைத்து வேறு இடத்தில் நிலம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சிலருக்கு அரசு அடிவாரத்தில் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தது. வயதான சிலரை மட்டும் சாகும்வரை அங்கேயே இருக்க அனுமதித்தார்கள். அப்படி இருந்தவர்களில் கடைசியானவர் 1979இல் காலமானார்.

காலி செய்த வீடுகளில் பலவற்றை இடித்தார்கள், சிலவற்றை எரித்தார்கள். வேலையில்லா இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் தொடங்கிய சிசிசி என்ற படை பாதைகள் போட்டது, மரங்கள் நட்டது. சில பத்து வருடங்களில் வயலும் மேய்ச்சல் நிலமும் காடாகிவிட்டன. இன்று நாம் "ஆதிகாலக் காடு" என்று நினைத்துப் படம் எடுப்பதில் பெரும்பகுதி நம் தாத்தா பாட்டி வயதுக் காடுதான்!

இதைப் படித்த பிறகு பழைய போட்டோக்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பருவத்திலும் அந்த மலை ஏதோ ஒன்றைக் காட்டிக் கொடுக்கிறது.

வசந்தத்தில் காட்டுக்கு நடுவே திடீரென்று டாஃபடில் பூக்கள் கொத்தாகத் தெரியும். அது அந்த மண்ணின் செடி இல்லை. ஒரு வீட்டு வாசலில் யாரோ நட்டது. வீடு போய்விட்டது, பூ மட்டும் வருஷா வருஷம் வருகிறது.

கோடையில் குடும்பங்கள் ராப்பிடான் முகாமுக்கு நடக்கின்றன. ஜனாதிபதி ஹூவர் மீன் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் 1929இல் அமைத்த இடம். பக்கத்து மலைக் குழந்தைகளுக்கு அவர் 1930இல் ஒரு பள்ளிக்கூடமும் திறந்தார். சில வருடங்களில் மலையே காலியானது. லூயிஸ் மவுண்டன் முகாமுக்கு இன்னொரு கதை உண்டு. 1939இல் அது கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கித் திறக்கப்பட்டது. இன்று எல்லாக் குடும்பமும் கூடாரம் போடும் அதே இடம்தான்.

இலையுதிர் காலத்தில் கூட்டம் தாங்காது. ஓல்டு ராக் மலைக்கு 2022 முதல், பனிக்காலம் தவிர்த்த மாதங்களில், முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 800 பேர்தான். அந்த மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் ஓல்டு ராக் என்றே ஒரு கிராமம் இருந்தது. தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன.

குளிர்காலத்தில் பனி பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், ஆனால் நடந்து போகலாம். இலை கொட்டிவிட்டதால் மற்ற பருவங்களில் மறைந்திருப்பதெல்லாம் அப்போது தெரியும். கல் சுவர், ஒற்றைப் புகைபோக்கி, சாய்ந்த கல்லறைகள். பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் இருக்கின்றன. அண்ணன் பையன் உட்கார்ந்திருந்தது இப்படி ஒரு சுவர்தான்.

அப்படியென்றால் பூங்காவே தப்பா? எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் காடு இல்லாவிட்டால் இன்று மலை முழுக்க விடுதிகள்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு முதல் மலை அதுதான். வரவுப் பக்கம் பெரிதுதான். ஆனால் செலவுப் பக்கத்தை எழுதாமல் விட்டால் அது கணக்கே இல்லை என்று எங்கள் முதல் வருட அக்கவுண்டன்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் அனுபவிப்பது, பத்திரமில்லாத அந்தக் குத்தகைக்காரர் விலை கொடுத்து வாங்கித் தந்ததும்கூட.

இப்போது பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில், வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பெயர்களைப் பொறித்துக் கல் புகைபோக்கி வடிவில் நினைவுச் சின்னங்கள் வைத்திருக்கிறார்கள். அதற்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அண்ணனுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை போகும்போது பையனுக்கு அந்தச் சுவரைக் காட்டிச் சொல்றேன்டா" என்றார். அந்த போட்டோவுக்காகக் காத்திருக்கிறேன் :-)