காப்பாற்ற வருபவரைக் காப்பாற்றுவது யார்?

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர் மங்கலம்பேட்டை. உளுந்தூர்பேட்டையைத் தொட்டால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. அதனால் 108 வண்டியின் சைரன் இந்த ஊருக்குப் புதிதல்ல. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஒரு பக்கம் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குப் பறக்கும், நிலைமை மோசம் என்றால் முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ பறக்கும். டீக்கடையில் நிற்பவர்கள் "ஆள் பிழைப்பானா?" என்று பேசிக்கொள்வார்கள். ஸ்டியரிங் பிடித்திருப்பவரைப் பற்றியோ, பின்னால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை.

இவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் பாதிதான் இருக்கிறது! அந்தப் பாதி வந்து சேரவே நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

ஒரு கொடியும் ஒரு வாக்குறுதியும்

1859 ஜூன் 24. இத்தாலியில் சோல்பரினோ என்ற ஊரில் பெரிய போர். காயம்பட்டு ஆயிரக்கணக்கில் கிடந்தவர்களைத் தூக்க ஆளில்லாததைக் கண்டு கலங்கியவர் ஹென்றி டூனாண்ட் என்ற சுவிஸ் வியாபாரி. அவர் கிளப்பிய பேச்சின் பலன்தான் 1864 ஆகஸ்ட் 22-ல் 12 நாடுகள் கையெழுத்திட்ட முதல் ஜெனீவா ஒப்பந்தம். காயம்பட்டவரைத் தூக்குபவர் யாருக்கும் எதிரி அல்ல, வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை தெரிந்தால் சுடக்கூடாது. மருத்துவ உதவியாளரின் உயிருக்கு உலக நாடுகள் சேர்ந்து கொடுத்த முதல் வாக்குறுதி இதுதான்.

இந்தக் கதையில் தமிழர்களும் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தி இந்தியர்களைச் சேர்த்து ஆம்புலன்ஸ் படை அமைத்தார். சுமார் 1,100 பேர், அதில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர், இன்றைய கடலூர் மாவட்டம் அடங்கியிருந்த தென்னாற்காட்டிலிருந்தும் போனவர்கள் உண்டு. "துப்பாக்கிச் சூடு எட்டும் இடத்துக்குப் போகவேண்டாம்" என்பதுதான் இந்தப் படைக்கு முதலில் இருந்த ஏற்பாடு. 1900 ஜனவரியில் ஸ்பியோன் காப் போரில் நிலைமை முற்றியதும் அந்த எல்லையையும் தாண்டி உள்ளே போனார்கள். டோலியில் ஆளைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். போர்ப் பதக்கம் கிடைத்தது தலைவர்கள் 37 பேருக்கு.

வாக்குறுதி எப்போதும் காப்பாற்றப்பட்டதா என்றால், இல்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை புகுந்து சுட்டதில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் மருத்துவமனை ஊழியர்கள். மறுநாள் காலை, கையை உயர்த்திக்கொண்டு "நாங்கள் டாக்டர், நர்ஸ்" என்று சொல்லியபடி நடந்து வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டு இறந்தார். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது படையின் விளக்கம். உயிர் தப்பிய ஊழியர்கள் அதை மறுத்தார்கள்.

போர் இல்லாத ஊரில்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதே 2008-ல்தான் மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிலையங்களையும் வன்முறையிலிருந்து காக்க மாநில அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, தெருவில் இருப்பது வேறு என்பதைக் காட்டியது 2020 ஏப்ரல் 19 இரவு.

சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடல் வேலங்காடு கல்லறைக்கு வந்தது. நோய் பரவும் என்று பயந்து கூட்டம் கல்லும் கட்டையும் வீசியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஓட்டுநர்கள் ரத்தக் காயத்தோடு விழுந்தார்கள். நண்பரான மருத்துவர் பிரதீப் குமார் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு தப்பி, நள்ளிரவில் போலீஸ் துணையோடு திரும்பி வந்து, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார்.

மூன்றே நாளில், ஏப்ரல் 22 அன்று, மத்திய அரசு 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் போட்டது. அந்தப் பழைய சட்டத்தில் அதிகாரிகள்மேல் வழக்குப் போடக்கூடாது என்ற பாதுகாப்பு இருந்தது, கல்லெறிக்குப் பாதுகாப்பு இல்லை! திருத்தத்தின்படி தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரையும், கொடுங்காயம் என்றால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரையும் சிறை. 30 நாளில் விசாரணை முடியவேண்டும். இத்தனைக்குப் பிறகும் 2025 ஆகஸ்டில் துறையூரில் அரசியல் கூட்டத்துக்கு நடுவே வந்த 108 வண்டி தாக்கப்பட்டது.

மிச்சப் பாதி

இதுவரை சொன்னதெல்லாம் உடம்புக்கு. மனசுக்கு?

நசுங்கிய காருக்குள்ளிருந்து குழந்தையை எடுத்தவர், அடுத்த பத்தாவது நிமிடம் வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தயாராகவேண்டும். இதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு 1983-ல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் ஒரு முறை சொன்னார். கோரமான சம்பவம் முடிந்த ஓரிரு நாளில் ஊழியர்களை வட்டமாக உட்காரவைத்து நடந்ததையெல்லாம் பேசவைப்பது. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஒரே ஒரு முறை உட்காரவைத்துப் பேசவைப்பதால் பின்னால் வரும் மனநோய் தடுக்கப்படவில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று பிறகு ஆய்வுகள் சொல்லின. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழி காட்டியது. வற்புறுத்திப் பேசவைக்காதே, ஓய்வு கொடு, பக்கத்தில் இரு, அவராகப் பேசினால் கேள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பு.

பெரிய செலவில்லாத வழிதான். ஆனால் முதல் சொல்லே 'ஓய்வு'. 12 மணி நேரப் பணியை 8 மணி நேரமாக்கவேண்டும் என்பது இங்கே 108 தொழிலாளர்களின் நீண்டகாலக் கோரிக்கை. 2020-ல் சுகாதாரப் பணியாளர்களுக்கு மத்திய அரசு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது, நல்ல விஷயம். ஆனால் அது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைத்த பணம். உயிரோடு இருந்து தூக்கம் கெட்டவருக்கு அதில் எதுவும் இருக்கவில்லை. 2008, 2020 சட்டங்களும் அடித்தவனுக்குத் தண்டனை சொல்கின்றனவே தவிர, அடிபட்டவரின் மனசை யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

சோல்பரினோவுக்குப் பிறகு ஒப்பந்தம், வேலங்காட்டுக்குப் பிறகு அவசரச் சட்டம். ஒவ்வொரு முறையும் ரத்தம் கொட்டிய பிறகே பாதுகாப்பு வந்திருக்கிறது. மனக்காயத்தில் ரத்தம் வராது, அதனால்தானோ என்னவோ அது இன்னும் வரிசையில் நிற்கிறது. அடுத்த முறை சைரன் கேட்டால் வழி விடுங்கள். வண்டி காலியாகத் திரும்பி வந்து டீக்கடையில் நின்றால், அந்த இருவரிடமும் "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மிச்சத்தை அரசு செய்யட்டும், செய்யும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.